மாமனார் வயிற்றில் என் சோறு

11 ஜூன் 2024, செவ்வாய்

பதினொன்றாம் வகுப்பில் செரிமானப் பாடம் தொடங்கினேன். கடைசி பெஞ்சு அறிவழகன் எழுந்து கேட்டான்: "டீச்சர், கறியையே கரைக்குற ஆசிட் வயித்துக்குள்ள இருக்கு. அது ஏன் வயித்தைக் கரைக்கல?" நல்ல கேள்வி. உள்சுவரில் சளி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, அதுதான் காவல் என்றேன். "அந்தப் பூச்சு போச்சுன்னா?" என்றான். போனால் புண், அப்புறம் ஓட்டை. வகுப்பே வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

வீட்டுக்கு வரும் வழியில் தக்காளி, முருங்கைக்கீரை வாங்கினேன். பாப்பாவுக்கு ஷூ கடிக்கிறது, மாற்ற வேண்டும்.

14 ஜூன், வெள்ளி

காலையில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து என் வீட்டுக்காரன் செல்வனுக்கு போன். மாமனாருக்குத் தாங்க முடியாத வயிற்று வலி, பச்சையாக வாந்தி. ஆளில்லாத வீடு. அத்தை போனதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார். பக்கத்து வயல்காரர்கள் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

குடலிறக்கமாம். பல வருஷமாகவே இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்று நட்டிருக்கிறார், மூட்டை தூக்கியிருக்கிறார். இறங்கிய குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று கறுத்துவிட்டது. கறுத்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். வயிறு முழுக்கச் சீழ். அதனால் இப்போதைக்கு உடனே சேர்த்துத் தைக்க முடியாது. சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துவைத்து, மேலே ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து உள்ளே சேர்ப்பார்களாம்.

முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்த செல்வன் போனில் அழுதான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. அவர் கண் விழித்து என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால்? வலியில் இருக்கும் மனுஷனுக்கு நான் எதற்கு இன்னொரு வலி.

23 ஜூன், ஞாயிறு

டிஸ்சார்ஜ் ஆகி சேத்தியாத்தோப்பில் மகள் வீட்டில்தான் இருந்தார். இளமதி நல்ல பெண். ஆனால் அவள் மாமியார் மூக்கைப் பொத்திக்கொள்கிறாராம். பை கசிந்து பாயெல்லாம் நனைந்ததில் பெரிய ரகளை. இன்று போனில் ஓவென்று அழுதாள். "அண்ணி, அப்பாவை நான் எங்க வச்சிப்பேன்? காட்டுக்கொட்டாய்ல கொண்டுபோய்ப் போடச் சொல்றாங்க."

நான்தான் சொன்னேன், இங்கே கூட்டிவரச் சொல்லி. செல்வன் என்னையே பார்த்தான்.

"அவர் வருவாரா?"

"வேற எங்க போவாரு?"

சொன்ன பிறகுதான் அந்தப் பதிலில் இருந்த கசப்பு எனக்கே தெரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். இந்த வீட்டு வாசற்படி அவர் மிதித்ததில்லை. பாப்பாவுக்குப் பெயர் வைத்தபோதும் வரவில்லை. அதற்கு முந்தைய வருஷம் கடலூர் கோர்ட்டுக்கு வந்தவர் தெருமுனையில் ஆட்டோவிலேயே உட்கார்ந்து மகனை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நான் யார் வீட்டுப் பெண், எந்தத் தெருக்காரி என்பதுதான் அவருக்கு முதலும் முடிவும்.

25 ஜூன், செவ்வாய்

வந்துவிட்டார். பாதியாக இளைத்திருக்கிறார். நடுஹாலில் கட்டில் போட்டோம். "வாங்க மாமா" என்றேன். "ம்" என்றார்.

தட்டு வைத்தேன். "பசியில்ல" என்றார். ராத்திரி செல்வன் ஓட்டலிலிருந்து இட்லிப் பொட்டலம் வாங்கிவந்தான். பொட்டலத்தைப் பிரித்து, மூன்று இட்லி சாப்பிட்டார். தண்ணீர்கூட கேனில் தானே போய்ப் பிடித்துக் குடித்தார், தானே கழுவிக்கொண்ட டம்ளரில்.

செல்வன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

28 ஜூன், வெள்ளி

பை மாற்றும்போது செல்வன் குமட்டிக்கொண்டு வெளியே ஓடினான். மீதியை நான் செய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

1 ஜூலை, திங்கள்

பையைச் சுற்றித் தோல் வெந்துபோன மாதிரி இருக்கிறது. தொட்டால் துள்ளுகிறார். கரும்பலகையில் நான் எத்தனை வருஷமாக எழுதுகிறேன் — கணைய நீர், டிரிப்சின், புரதத்தை உடைக்கும் என்று! அது இறைச்சிப் புரதமா, மாமனார் தோலா என்று பார்க்காது. சிறுகுடலில் இருந்து நேராக வெளியே வருவதால் அந்த நொதிகளெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பையின் துளையைச் சரியான அளவுக்கு வெட்டினால் தோலில் படாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் சொன்னார். இதுவரை பெரிதாக வெட்டியிருக்கிறோம். அட்டையில் அளவெடுத்து வெட்டினேன். பவுடர் போட்டேன்.

"எரியுதா மாமா?"

"இல்ல" என்றார். பொய். காது மடல் வரை சிவந்திருந்தது.

குடலின் முனையை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். ஈரமாக, செக்கச் செவேலென்று, உதட்டின் உள்பக்கம் மாதிரி. லேசாக அசைகிறது. அதற்கு வலியே தெரியாது. அவருக்கு அது தெரியாமல் பயந்துகொண்டிருந்தார். சொன்னேன்.

6 ஜூலை, சனி



செல்வன் மின்வாரிய வேலையாக விருத்தாசலம் பக்கம் போயிருந்தான். பதினோரு மணி வாக்கில் ஹாலிலிருந்து ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் மாமனார் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடக்கிறார். கண் உள்ளே போய்விட்டது. நாக்கு காய்ந்த பலகை மாதிரி. பையில் வெறும் தண்ணீர், நிறைந்து வழிகிறது.

"யூரின் போனீங்களா மாமா?"

"நேத்து..."

"தண்ணி குடிச்சீங்களா?"

"கேன்ல பாதி குடிச்சிட்டேன். தாகம் அடங்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன ஆசிரியை! வெறும் தண்ணீராகக் குடித்துக் குடித்து, உடம்பில் இருக்கும் உப்பையும் சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீரைக் கடைசியாக உறிஞ்சி எடுக்கும் பெருங்குடல் இப்போது வேலையில் இல்லை. சிறுகுடலில் உப்பும் சர்க்கரையும் ஒன்றாக உள்ளே போனால்தான் தண்ணீர் பின்னாலேயே போகும். வெறும் தண்ணீர் வந்த வேகத்தில் ஓடிவிடும்.

சிதம்பரம் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். அவர்கள் கேட்டுவிட்டு, "வெறும் தண்ணிய நிறுத்துங்க. ஓ.ஆர்.எஸ் கொடுங்க, கொஞ்சம் கொஞ்சமா. உப்புப் போட்டுக் கஞ்சி கொடுங்க. சாயங்காலத்துக்குள்ள யூரின் போகலன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்" என்றார்கள்.

கரைத்துக்கொண்டு போய் நீட்டினேன். டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கவில்லை.

அந்த ஒரு நிமிஷம். அதை எப்படி எழுதுவேன். சாகக் கிடக்கிற ஆளு, அப்பவும் யோசிக்கிறாரு! எனக்கு வந்த கோபத்துல டம்ளரைச் செவுத்துல விட்டெறிஞ்சிருப்பேன்.

எறியவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து, பிடரியைத் தூக்கி, ஸ்பூனால் வாயில் விட்டேன். "முழுங்குங்க" என்றேன். வகுப்பில் பிள்ளைகளை அதட்டும் குரல். முழுங்கினார். அப்புறம் அவரே வாயைத் திறந்தார்.

மதியம் குழைய வடித்த கஞ்சி, உப்பு தூக்கலாக. ஒரு கிண்ணம் முழுவதும் குடித்தார். நாலு மணிக்கு எழுந்து பாத்ரூம் போனார். திரும்பி வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "போச்சு" என்றார். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

7 ஜூலை, ஞாயிறு

காலையில் தானாகவே கேட்டார்: "அந்தக் கஞ்சி இருக்கா?"

15 ஜூலை, திங்கள்

ஓட்டல் பொட்டலம் நின்று ஒரு வாரமாகிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசினால் உடைந்துவிடும் என்பது போல.

மதியம் நாங்கள் சாப்பிடுவதையேதான் அவரும் சாப்பிடுகிறார். குழைவாக, காரம் குறைத்து. பள்ளியிலிருந்து நான் வந்து பையைக் காலி செய்யும்போது அந்தச் சாப்பாடு வந்திருக்கும். ஒருவருக்கும் இப்படிச் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன் — எனக்கு அருவருப்பு போய்விட்டது. இப்போது பார்க்கிறேன். தக்காளித் தோல் அப்படியே சுருண்டு வருகிறது. கடுகு கடுகாகவே வருகிறது. முருங்கைக்கீரை நார் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை நிறுத்திவிட்டேன். சோறு மட்டும் வருவதில்லை. பருப்பு வருவதில்லை. முட்டை வருவதில்லை. எங்கே போகும்? உடைந்து சர்க்கரையாகி, அமினோ அமிலமாகி, விரல் மாதிரியான அந்தச் சின்னச் சின்னக் குடலுறிஞ்சிகள் வழியாக ரத்தத்துக்குள் போய்விட்டது. வராததெல்லாம் அவர் உடம்பாகிவிட்டது.

இன்று எடை பார்த்தோம். ஏறியிருக்கிறார். கன்னம் தெரிகிறது.

என் கையால் வடித்த சோறு இப்போது அவர் கன்னம். இதை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, வேறு என்னவோ மாதிரியும் இருக்கிறது.

22 ஜூலை, திங்கள்

பாப்பா என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளோடு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். தாத்தாவின் பை திடீரென்று "புர்ர்" என்றது. அடக்க அதற்குத் தசை கிடையாது, அது பாட்டுக்குச் சத்தம் போடும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. மாமனார் முகம் செத்துவிட்டது.

பாப்பா திரும்பி, "தாத்தா, எட்டேழு ஐம்பத்தாறுதான?" என்றாள்.

"அதத்தான் சொல்லுச்சு" என்றார் அவர்.

இந்த வீட்டில் அவர் சொன்ன முதல் வேடிக்கை. நான் சிரித்ததில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

மாமனாரின் பங்காளி ராமாமிர்தம், அவர் சம்சாரம், இன்னும் இரண்டு பேர் ஊரிலிருந்து பார்க்க வந்தார்கள். டீ போட்டு எடுத்துப் போனேன். "இப்பதான்மா பஸ் ஸ்டாண்டுல குடிச்சோம்" என்றார்கள். நாலு டம்ளரும் ஆறி ஏடு படிந்தன.

அது எனக்குப் பழக்கம்தான். அடுத்து நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அடுப்படியில் இருந்தேன். ராமாமிர்தம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்: "சாப்பாடெல்லாம் எப்பிடிண்ணே?"

மாமனார் சொன்னார்: "ஓட்டல்லேருந்து வருது."

5 ஆகஸ்ட், திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

என்னா மனுஷன் இவரு? காலைல சாப்ட்டது என் இட்லி. அவரு பேசுன அந்தப் பேச்சுக்குத் தெம்பு எங்கேருந்து வந்துச்சு? கழுவுனது நானு, தொடச்சது நானு. எங்க அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி பேசிப் பாக்கலாம்னு காட்டுமன்னார்கோயில் போனாரு. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் சார்லஸ். மாட்டுக்கொட்டாய் பக்கத்துல நிக்க வச்சி ரெண்டு வார்த்தை பேசி அனுப்பினாரு இந்தாளு. அப்பா திரும்பி வந்து "வெயில் ஜாஸ்தி"ன்னு மட்டும் சொன்னாரு. அப்ப அழல நான். இப்ப அழுவுறேன்.

செல்வனிடம் சொல்லிவிட்டேன், இனி பையை அவன் பார்க்கட்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும், வாந்தி எடுக்கட்டும், எனக்கென்ன. மாமனாரிடம் நேராகவே சொன்னேன்: "மாமா, இனிமே ஓட்டல்லேருந்தே வாங்கியாரச் சொல்றேன். நீங்க சொன்னது பொய்யா ஆவ வேணாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

ஓட்டல் பொட்டலம் வந்தது. சாம்பாரில் மிளகாய் மிதந்தது. சாப்பிட்டார்.

9 ஆகஸ்ட், வெள்ளி

உப்புக் கரைசலை மட்டும் நான் நிறுத்தவில்லை. அதைப் பழிவாங்கப் பயன்படுத்த மாட்டேன். ஜக்கில் கரைத்து மேஜையில் வைத்துவிடுகிறேன், அவரே ஊற்றிக் குடிக்கிறார்.

இன்று பள்ளி முடிந்து வந்தபோது பாத்ரூம் கதவு பாதி திறந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியை முழங்காலில் சாய்த்துவைத்து, தானே பையைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். அட்டை அளவு வைத்துப் புதிய பையில் துளை வெட்டினார். பக்கத்திலேயே நின்று செல்வன் டார்ச் பிடித்திருந்தான்.

நான் பார்ப்பது தெரிந்ததும் சொன்னார்: "இனிமே நீ இதத் தொட வேணாம்மா. நானே பாத்துக்குவேன்."

நான் தொடக் கூடாது என்பதாலா? தொடவைத்த வெட்கத்தாலா? படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ஓட்டல் காரத்தில் வயிறு பிடுங்கிக்கொண்டு போகிறது அவருக்கு. முகம் மறுபடி சுருங்குகிறது. ஒரு வார்த்தை முனகவில்லை. தண்டனையை அனுபவிப்பவர் போல உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தையே தின்கிறார்.

மதியம் என்னால் முடியவில்லை. சோற்றைக் குழைத்து, தயிர் விட்டு, உப்புப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். மன்னித்துவிட்டதாக அர்த்தம் இல்லை. குடல் என்ன பாவம் செய்தது.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னது தப்பு" என்றார். நிமிரவில்லை. "அவனுங்க முன்னால வாய் வரலம்மா. அறுபத்தெட்டு வருசமா ஒரே பழக்கம். வாய் அப்பிடியே போயிடுச்சி."

"சாப்பிடுங்க மாமா" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

19 செப்டம்பர், வியாழன்

சிதம்பரம். இன்று குடலை உள்ளே சேர்த்துத் தைத்துவிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது செல்வனின் கையைப் பிடித்தார். அப்புறம் என் பக்கம் பார்த்து, "வெண்மதி, பாப்பாவை இஸ்கூலுக்கு யாரு அனுப்புவா?" என்றார்.

என் பெயரை அவர் வாயில் இதுவரை கேட்டதில்லை.

22 செப்டம்பர், ஞாயிறு

நாலு நாளாக வார்டே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தது. வாயு பிரிந்தால்தான் குடல் வழி திறந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவரை வாய்க்கு ஒன்றும் கிடையாது. பக்கத்துக் கட்டில்காரர், எதிர்க் கட்டில்காரர் மனைவி, எல்லாரும் "ஆச்சா? ஆச்சா?" இன்று காலை ஆயிற்று. நர்ஸ் அறிவுமதி கை தட்டினாள். மாமனார் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். உள்ளே தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

23 செப்டம்பர், திங்கள்

டாக்டரம்மா கஞ்சிக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் எடுத்திருந்த லாட்ஜ் அறையிலேயே சின்ன குக்கரில் வைத்து எடுத்துப் போனேன். போனால் ராமாமிர்தமும் அவர் சம்சாரமும் கேரியரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ரசம் சாதம், நம்ம வீட்டுப் பக்குவம், இத்தனை நாள் நாக்கு செத்திருக்கும் என்றெல்லாம் சொல்லித் தட்டெடுத்துவிட்டார்கள். நான் பாத்திரத்தோடு கால்மாட்டில் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

மாமனார் சொன்னார்: "அந்தக் கேரியர மூடி வைம்மா. வெண்மதி கஞ்சி கொண்டாந்திருக்கு."

"இருக்கட்டும்ணே, ஒரு வாய்—"

"ராமாமிர்தம். அன்னிக்கு ஓட்டல் சோறுன்னு சொன்னேன்ல? பொய். இந்தப் பொண்ணு ஆக்கிப் போட்டுத்தான் நான் உசுரோட இருக்கேன். பையக் கழுவுனதும் அதுதான்."

வார்டில் எல்லாருக்கும் கேட்டது. ராமாமிர்தம் கேரியரை மூடினார். இரண்டு கிளிப்பும் மாட்டும் சத்தம் பெரிதாகக் கேட்டது. "அப்ப நாங்க கெளம்புறோம்" என்றார்.

மாமனார் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடித்து முடிக்கும் வரை நின்றேன். பெரிதாக ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். பசிதான் தோன்றியது. நேற்று மதியத்திலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. கேன்டீனுக்குப் போய் நாலு பூரி தின்றேன்.

27 அக்டோபர், ஞாயிறு

மாமனார் ஊருக்குப் போய்விட்டார். வீராணம் ஏரியில் தண்ணீர் வந்துவிட்டதாம், வயல் கூப்பிடுகிறதாம். இருக்கச் சொன்னேன். வாய்வார்த்தைக்கு அல்ல, உண்மையாகவே. கட்டிலை மடித்துவைத்த பிறகு ஹால் பெரிதாகத் தெரிகிறது.

17 நவம்பர், ஞாயிறு

இளமதி போன் செய்தாள். ராமாமிர்தம் வீட்டுப் பேரப்பிள்ளை காதுகுத்துக்கு அப்பாவுக்குப் பத்திரிகை வைக்கவில்லையாம். ஒரே தெரு. மேளச்சத்தம் கேட்கும் தூரம். "அப்பா கதவச் சாத்திட்டுப் படுத்துட்டாரு அண்ணி. மனசு வலிக்காம இருக்குமா?" என்றாள். இருக்காது.

நான் அவருக்கு போன் போட்டேன். காதுகுத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தனக்கு மோர்க்குழம்பு வைக்க வரவில்லை, திரிந்துபோகிறது என்றார். அடுப்பை அணைத்த பிறகு மோரை ஊற்றச் சொன்னேன்.

26 டிசம்பர், வியாழன்

அரைப் பரீட்சை லீவு. நேற்று கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் திருவதிகையில் அப்பா வீட்டில் இருந்தோம். பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ. மாமனார். கையில் ஒரு சீப்பு பூவன்பழம், பாப்பாவுக்குக் கவுன். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. செல்வனுக்கே தெரியாது.

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். மாமனார் படிக்குக் கீழேயே நின்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். அப்பா என்ன சொன்னாலும் அது நியாயம்தான் என்று நினைத்தேன்.

"வெளிய வெயில் ஜாஸ்தி. உள்ள வாங்க சம்பந்தி" என்றார் அப்பா.

மாமனார் செருப்பைக் கழற்றினார். "அன்னிக்கு உங்கள நிக்க வச்சிட்டேன் சார்" என்றார்.

"தெரியும்" என்றார் அப்பா. இல்லை என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. தெரியும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

பந்தி மாதிரி வரிசையாக உட்கார்ந்தோம். அம்மா மீன் குழம்பும் சோறும் போட்டாள். "மென்னு சாப்பிடுங்க மாமா, முள்ளு" என்றேன். "தெரியும் தெரியும், பாடம் எடுக்காத" என்றார். மறுசோறு கேட்டு வாங்கினார்.

பழசு எதுவும் இதில் கரைந்துவிடவில்லை. காட்டுமன்னார்கோயிலில் அந்தத் தெரு அப்படியேதான் இருக்கிறது. எனக்குள்ளும் ஒரு மூலை அப்படியேதான் இருக்கிறது. இருக்கட்டும்.

சாப்பிட்டதும் அப்பா இரண்டு பாய் எடுத்துவந்து ஃபேனுக்குக் கீழே விரித்தார். தலையணை ஒன்றுதான் இருந்தது. அதை மாமனார் பக்கம் தள்ளினார். மாமனார் இந்தப் பக்கம் தள்ளினார். கடைசியில் இரண்டு பேரும் கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்கள், தலையணை நடுவில் கிடந்தது.

பாப்பாவைச் சத்தம் போடாமல் வெளியே போய் விளையாடச் சொன்னேன்.